டயல் செய்த எண் எங்கே தொலைகிறது? அலுவலகத் தொலைபேசி அழைப்புகள் வழிமாறும்போது அறிகுறி வாரியாகப் பிழை தேடும் முறை

வெளியிலிருந்து வரும் அழைப்பு இரண்டு எண்களோடு வருகிறது. ஒன்று அழைத்தவருடைய எண். மற்றது அவர் டயல் செய்த எண். முதல் எண்ணைக் காலர் ஐடி என்று ஊரே அறியும். இரண்டாவது எண்ணைப் பற்றி, கணக்குப் பிரிவுக்கு வரவேண்டிய அழைப்பு கிடங்கில் மணியடிக்கும் நாள் வரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அதை டிஐடி என்பார்கள், டிஎன்ஐஎஸ் என்பார்கள், சில பெட்டிகளின் கையேட்டில் டிடிஐ என்று இருக்கும். நம் வேலைக்கு மூன்றும் ஒன்றுதான்: வெளியாள் எந்த எண்ணை அழுத்தினார் என்ற செய்தி.

கோயம்புத்தூரில் நான் கவனித்துக்கொள்ளும் ஒரு கட்டடத்தில் மூன்று நிறுவனங்களுக்கு ஒரே வரவேற்பாளர், ஒரே பிபிஎக்ஸ், அதாவது வெளி லைன்களையும் மேசைத் தொலைபேசிகளையும் இணைக்கும் பெட்டி. டயல் செய்த எண்ணின் அடையாளம் திரையில் தெரிந்தால்தான் எந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லி அழைப்பை எடுப்பது என்று அவருக்குத் தெரியும். அது தெரியாமல் போன ஒரு வாரம் முழுக்க அவர் வெறும் "வணக்கம், சொல்லுங்கள்" என்று சமாளித்தார். கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அந்தக் கட்டடத்தில் பட்டுத் தெரிந்துகொண்டது.

பிழை என்றதும் எல்லோரும் மேசைமேல் இருக்கும் கருவியைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். என் அனுபவத்தில் கருவி குற்றவாளியாக இருந்தது மிகக் குறைவு. வெளி லைன் பிபிஎக்ஸுக்குள் நுழையும் வாசலில் வந்து நின்ற இலக்கங்கள் எவை என்று பார்த்துவிட்டு அங்கிருந்து உள்ளே நடந்து வாருங்கள். எதிர்த்திசையில் போனால் ஒரு நாள் வீணாகும்.

எதற்கும் முன்: வாசலில் என்ன வந்தது?

உங்கள் கைபேசியிலிருந்து, பிரச்சினை உள்ள எண்ணுக்கு ஒருமுறை அழையுங்கள். நேரத்தை வினாடியோடு குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிபிஎக்ஸின் பதிவில் அதே வினாடியைத் தேடுங்கள். கணினியில் ஓடும் ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருள் வகை என்றால், வரும் செய்திகளை அப்படியே காட்டும் சிப் லாகரையோ பிஆர்ஐ டீபக்கையோ கன்சோலில் இயக்கிவிட்டு அழைக்கவேண்டும் (சிப், பிஆர்ஐ என்ன என்பது அடுத்த பத்தியில்). பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டி என்றால் எஸ்எம்டிஆர் என்ற அழைப்புப் பதிவுதான் கதி. பெட்டியில் டிஐடி எண்ணையும் பதியும் வசதி இருந்தும் அது அணைக்கப்பட்டிருக்கலாம். அதை முதலில் இயக்குங்கள்.

வாசல் மூன்று வகை. செப்புக் கம்பியில் வரும் சாதாரண லைனில் டயல் செய்த எண் வருவதே இல்லை; மணி மின்னழுத்தம்தான் வருகிறது. எந்தப் போர்ட்டில் மணி வந்ததோ அதுதான் எண். பிஆர்ஐ லைன் என்பது விநாடிக்கு 2.048 மெகாபிட் வேகமுள்ள இ1 இணைப்பு. அதில் 32 காலத்துண்டுகள்; 0 ஒத்திசைவுக்கு, 16 சிக்னலுக்கு, மீதி 30 பேச்சுக்கு. அந்த 16-ஆவது துண்டில் வரும், அழைப்பைத் தொடங்கும் செட்டப் செய்தியில் அழைத்த எண், அழைக்கப்பட்ட எண் இரண்டுக்கும் தனித்தனிப் புலம் உண்டு. அதனால் பிஆர்ஐயில் குழப்பம் குறைவு. சிப் டிரங்கில், அதாவது இணைய நெறிமுறை வழியாக அழைப்புகள் வரும் வெளி இணைப்பில்தான் வம்பு. அங்கே டயல் செய்த எண், அழைப்பைத் தொடங்கும் இன்வைட் செய்தியின் முதல் வரியில் இருக்கலாம், டூ என்ற தலைப்பு வரியில் இருக்கலாம், வேறொரு தலைப்பிலும் இருக்கலாம். எல்லா இடத்திலும் ஒரே எண் இருக்கும் என்ற உறுதி கிடையாது.

பதிவில் உங்கள் அழைப்பே இல்லை என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பிழை உங்கள் கட்டடத்துக்கு வெளியே இருக்கிறது. கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

"எந்த எண்ணுக்கு அழைத்தாலும் திரையில் ஒரே எண்தான் தெரிகிறது"

அந்த மூன்று நிறுவனக் கட்டடத்தில் வந்த நோய் இதுதான். பிஆர்ஐயிலிருந்து சிப் டிரங்குக்கு மாறிய மறுநாள் தொடங்கியது. நூறு எண்களில் எதற்கு அழைத்தாலும் பதிவில் பைலட் எண் எனப்படும் பொது எண் மட்டுமே வந்தது. சேவை நிறுவனம் "நாங்கள் சரியாகத்தான் அனுப்புகிறோம்" என்றது. கோபம் வந்தது. ஆனால் அவர்கள் சொன்னது உண்மை.

காரணம் இது. பிபிஎக்ஸ் ஒரு பயனர் பெயரோடு சேவை நிறுவனத்தின் சர்வரில் பதிவுசெய்துகொள்ளும்போது "என்னை இந்த முகவரியில் தேடுங்கள்" என்று ஒரு முகவரியையும் கொடுக்கிறது. அழைப்பு வரும்போது சர்வர் அந்த முகவரியை அப்படியே இன்வைட்டின் முதல் வரியில் எழுதி அனுப்புகிறது. அதில் இருப்பது நாம் பதிவுசெய்தபோது கொடுத்த பெயர். பெரும்பாலும் பைலட் எண். வெளியாள் உண்மையில் அழுத்திய எண் டூ தலைப்பில் இருக்கிறது. அலுவலக முகவரிக்கு வரும் தபாலில் 'கவனத்துக்கு' என்று ஒரு பெயர் எழுதியிருப்பார்கள் அல்லவா, அதுபோல. முகவரியை மட்டும் படிக்கும் பியூனிடம் கொடுத்தால் எல்லாத் தபாலும் ஒரே மேசைக்குத்தான் போகும்.

தீர்வு, உள்வரும் டிரங்கின் வழித்தடம் முதல் வரியை விட்டுவிட்டு டூ தலைப்பில் அட் குறிக்கு முன்னால் உள்ள பகுதியை எடுத்துக்கொள்ளச் செய்வது. ஆஸ்டரிஸ்கின் மேல் ஓடும் ஃப்ரீபிபிஎக்ஸில் இதற்கென்றே தயாராக ஒரு கான்டெக்ஸ்ட் (விதிகளின் தொகுப்பு) உண்டு. பெயரின் முடிவில் 'டூஹெடர்' என்று இருக்கும். டிரங்கின் அமைப்பில் அதை எழுதினால் போதும். வெறும் ஆஸ்டரிஸ்கில் இரண்டு வரி நீங்களே எழுதவேண்டியிருக்கும். பதிவுசெய்யாமல் ஐபி முகவரியை வைத்தே அடையாளம் காணும் டிரங்குகளில் இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை. அங்கே முதல் வரியிலேயே டயல் செய்த எண் வந்துவிடும்.

டூ தலைப்பிலும் பைலட் எண்தான் இருக்கிறது என்றால், முதலில் பழைய எண்ணைப் புதிய எண்ணுக்கு ஃபார்வர்ட் செய்து வைத்திருக்கிறீர்களா என்று யோசியுங்கள். ஃபார்வர்ட் ஆகி வரும் அழைப்பில் 'அழைக்கப்பட்ட எண்' என்பது ஃபார்வர்ட் போய்ச் சேர்ந்த எண். முதலில் அழுத்தப்பட்ட எண் டைவர்ஷன் அல்லது ஹிஸ்டரி இன்ஃபோ என்ற தலைப்பில் ஒட்டிக்கொண்டு வரலாம். பிஆர்ஐயில் திருப்பியனுப்பிய எண்ணுக்கென்று ஒரு புலம் இருக்கிறது. அவை எதுவுமே வரவில்லை என்றால் பெட்டிக்குள் செய்ய ஒன்றுமில்லை. டிஐடி எண்ணை அனுப்பச் சொல்லிச் சேவை நிறுவனத்திடம்தான் கேட்கவேண்டும்.

"எல்லா அழைப்பும் ரிசப்ஷனுக்கே போகிறது"

மேலே சொன்னதைப் போலவே தோன்றும். ஆனால் வேறு நோய். பதிவில் டயல் செய்த எண் ஒவ்வோர் அழைப்புக்கும் வேறுவேறாகச் சரியாகவே வருகிறது. இருந்தும் யாரை அழைத்தாலும் ரிசப்ஷன்தான் எடுக்கிறது.

இலக்கங்களை எண்ணுங்கள். கோயம்புத்தூரில் எஸ்டிடி குறியீடு 0422, அதன்பின் ஏழு இலக்கம். ஒரு மேசையின் எண் 4123 என்று முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே எண் உங்கள் வாசலுக்கு நான்கு இலக்கமாக வரலாம், ஏழாக வரலாம், 422 சேர்ந்து பத்தாக வரலாம், முன்னால் 0 சேர்ந்து பதினொன்றாக வரலாம், 91 சேர்ந்து பன்னிரண்டாக வரலாம், 91-க்கு முன் கூட்டல் குறியோடும் வரலாம். பிஆர்ஐயில் நான்கு இலக்கம் கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனம் சிப்புக்கு மாறும்போது முழு எண்ணைக் கொடுக்கத் தொடங்கும். எந்த எண் எந்த மேசைக்கு என்று பெட்டிக்குச் சொல்லும் நம் விதிகளோ நான்கு இலக்கத்துக்கு எழுதப்பட்டவை. எந்த விதியும் பொருந்தாததால் 'எதுவானாலும் ரிசப்ஷனுக்கு' என்ற கடைசி விதி எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது.

கூட்டல் குறியில் ஒரு பொறி உண்டு. ஆஸ்டரிஸ்கில் 'ஏதாவது ஓர் இலக்கம்' என்று எழுதும் மாதிரி 0 முதல் 9 வரைதான் பிடிக்கும். கூட்டல் குறி இலக்கம் அல்ல. பன்னிரண்டு இலக்கத்துக்கும் சரியாக விதி எழுதிவிட்டு, முன்னால் நிற்கும் அந்த ஒரு குறியைக் கவனிக்காமல் இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தது நான்தான்.

இதற்கு வைத்தியம், நூறு விதிகளையும் புது நீளத்துக்குத் திருத்துவது அல்ல. வாசலில் ஓரிடத்தில் மட்டும் எண்ணை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே எல்லா விதிகளும் அந்த வடிவத்தையே நம்பட்டும். நாளை சேவை நிறுவனம் மறுபடியும் வடிவத்தை மாற்றினால் ஒரு வரியைத் திருத்தினால் போதும். 'கடைசி நான்கு இலக்கம்' என்று வெட்டுவது சுலபம்தான். ஆனால் சென்னையிலும் கோவையிலும் எண் தொகுதி வைத்திருக்கும் அலுவலகத்தில் இரண்டு 4123 இருக்க வாய்ப்புண்டு. அங்கே 44, 422 என்ற ஊர்க் குறியீட்டோடு பத்து இலக்கமாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இன்னொன்று: சோதனை நாட்களில் அந்தக் கடைசி விதியை ரிசப்ஷனுக்கு அனுப்பாதீர்கள். 'இந்த எண் இன்னும் இணைக்கப்படவில்லை' என்ற பதிவுக் குரலுக்கு அனுப்புங்கள். ரிசப்ஷன் எடுத்துச் சிரித்தமுகமாக மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தால் பிழை ஒரு மாதம் மறைந்திருக்கும். கடைசியில் பழி ரிசப்ஷனில் இருப்பவர் மேல்தான் விழும். இது புதிய வழக்கமும் அல்ல. தானியங்கி இணைப்பகத்துக்கு 1891-இல் காப்புரிமை பெற்ற ஆல்மன் ஸ்ட்ரௌஜர் சவ அடக்கத் தொழில் செய்தவர். ஆபரேட்டர் பெண் தன் வாடிக்கையாளர்களைப் போட்டியாளருக்கு இணைத்துவிடுகிறாள் என்ற சந்தேகத்தில்தான் அதைச் செய்தார் என்று தொலைபேசிக்காரர்கள் இன்றும் கதை சொல்வார்கள்.

"எண் சரியாக வருகிறது, மணியடிப்பது வேறு மேசையில்"

இப்போது பிழை உள்ளே இருக்கிறது. பாதி நேரம் இதற்குத் தொழில்நுட்பக் காரணமே இருக்காது. வேலையை விட்டுப் போனவர் தன் எக்ஸ்டென்ஷனை ஃபார்வர்டில் போட்டுவிட்டுப் போயிருப்பார். அல்லது யாரோ நட்சத்திரக் குறியோடு எதையோ அழுத்தி, தெரியாமல் ஃபார்வர்டை இயக்கியிருப்பார்கள். முதலில் அந்த எக்ஸ்டென்ஷனை உள்ளேயிருந்து நேராக அழையுங்கள். அப்போதும் வேறிடத்தில் மணி அடித்தால் ஃபார்வர்ட்தான்.

நேராக அழைத்தால் சரி, வெளியிலிருந்து வந்தால் தவறு என்றால் விதிகளின் முன்னுரிமையைப் பாருங்கள். ஆஸ்டரிஸ்கில் பலர் சறுக்கும் இடம் இது. ஒரே கான்டெக்ஸ்டுக்குள் எந்த விதி அதிகக் குறிப்பாக இருக்கிறதோ அது வெல்லும். மேலே எழுதியதா கீழே எழுதியதா என்பது பொருட்டல்ல. ஆனால் ஒரு கான்டெக்ஸ்டுக்குள் இன்னொன்றை இன்க்ளூட் செய்திருந்தால், தன்னிடம் எதுவும் பொருந்தாதபோதுதான் அது உள்ளே சேர்த்ததைத் திறந்து பார்க்கும். ஆகவே வெளிக் கான்டெக்ஸ்டில் பரந்த விதி ஒன்று இருந்தால், இன்க்ளூட் செய்ததற்குள் அந்த எண்ணுக்கென்றே எழுதிய துல்லியமான விதி எட்டிப்பார்க்கக்கூட வாய்ப்பில்லை. பரந்த விதியைத் தனிக் கான்டெக்ஸ்டாக்கி, இன்க்ளூட் வரிசையில் கடைசியில் வையுங்கள்.

"சில எண்கள் மட்டும் வருவதே இல்லை"

4100 முதல் 4199 வரை வாங்கியிருக்கிறீர்கள். 4150-க்கு மேல் எதுவும் அடிப்பதில்லை. அல்லது ஒரு நிறுவனத்தின் கைபேசியிலிருந்து அழைத்தால் வருகிறது, இன்னொன்றிலிருந்து வருவதில்லை. பதிவிலும் சுவடு இல்லை. எண் தொகுதி சேவை நிறுவனத்தின் பக்கம் முழுதாக ஏற்றப்படவில்லை, அல்லது மற்ற நிறுவனங்களின் வழித்தட அட்டவணையில் சேரவில்லை. குறைந்தது மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் கைபேசிகளிலிருந்தும் ஒரு தரைவழி எண்ணிலிருந்தும் அழைத்துப் பார்த்து, எதில் என்ன குரல் கேட்டது என்று எழுதிவைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். உங்கள் பக்கம் செய்ய வேறு எதுவும் இல்லை.

"செப்புக் கம்பி லைனில் எண்ணே தெரிவதில்லை"

டயல் செய்த எண் இதில் வராது என்று முன்பே பார்த்தோம். அதனால் ஒவ்வொரு டிரங்க் போர்ட்டுக்கும் அந்த லைனின் எண்ணைப் பெயராக எழுதிவையுங்கள். திரையில் அந்தப் பெயர் வந்தால் வேலை முடிந்தது. கம்பி ஜோடிகள் வந்து சேரும் குரோன் பெட்டியில் யாராவது ஜோடிகளை மாற்றிச் செருகினால் பெயர்களும் மாறிவிடும். ஒவ்வொரு லைனிலிருந்தும் உங்கள் கைபேசிக்கு ஓர் அழைப்பு செய்து, எந்த எண் வருகிறது என்று பார்த்தபிறகே துண்டுச்சீட்டை ஒட்டுங்கள்.

அழைத்தவர் எண்ணும் தெரியவில்லை என்றால், அது எப்படி அனுப்பப்படுகிறது என்பதுதான் கேள்வி. சில நாடுகளில் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையே மோடம் ஒலியாக வரும். இங்கே பல இணைப்பகங்கள் லைனின் துருவத்தை மாற்றிவிட்டு டிடிஎம்எஃப் ஒலியாக (பொத்தான் அழுத்தும்போது கேட்குமே, அந்த ஒலி) அனுப்பின. செப்பு லைனைக் கணினியோடு இணைக்கும் ஆஸ்டரிஸ்கின் டாடி அட்டைக்கான மாதிரிக் கோப்பில், அழைத்தவர் எண் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் வரியில் இந்தியாவுக்கென்றே தனியாக ஒரு தேர்வு கொடுத்திருக்கிறார்கள். அட்டையோடு வந்த அமைப்பை மாற்றாமல் விட்டால் எண் வராது. அட்டை கெட்டுவிட்டது என்று புது அட்டையும் வாங்கிவிடுவார்கள்.

"காலை முழுக்க 'அலுவலகம் மூடப்பட்டுள்ளது' என்கிறது"

காலை ஒன்பதுக்கு அழைப்பவருக்கு இரவு நேரப் பதிவுக் குரல். பிற்பகல் இரண்டரைக்கு மேல் எல்லாம் சரியாகிவிடுகிறது. இரவு பதினொன்றரை வரை காலி மேசைகளில் மணி அடித்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு நேரங்களைச் சொன்னாலே போதும். பெட்டியைத் திறக்கவே வேண்டாம். சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடுகிறது. 9 முதல் 18 வரை என்று எழுதிய அலுவலக நேரம் ஐந்தரை மணி தள்ளிப் போய்விட்டது. நேர வலயத்தை இந்தியாவுக்கு மாற்றி, பிபிஎக்ஸ் சேவையை ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள். மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் இது வருகிறது என்றால் போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும்.

"எண் அழுத்தியபின் நான்கைந்து வினாடி மௌனம்"

41 என்று ஒரு குழு எண்ணும் 4123 என்று ஓர் எக்ஸ்டென்ஷனும் இருந்தால், 41 அழுத்தியவர் இன்னும் அழுத்துவாரா என்று பெட்டி காத்திருக்கத்தான் செய்யும். ஒன்றின் தலையோடு மற்றொன்று தொடங்காதபடி எண்களை மாற்றுங்கள். காத்திருப்பு நேரத்தைக் குறைப்பது வைத்தியம் அல்ல; மெதுவாக அழுத்தும் பெரியவர்களின் அழைப்பு பாதியில் ஓடிவிடும்.

"விட்டுப்போன அழைப்பைத் திருப்பி அழுத்தினால் போவதில்லை"

அலுவலகங்களில் மிக அதிகமாகக் கேட்கும் புகார் இதுவாகத்தான் இருக்கும். திரையில் பத்து இலக்கக் கைபேசி எண் அழகாக நிற்கிறது. அழுத்தினால் 'தவறான எண்'. 9 என்பதை ஆபரேட்டருக்கு வைத்திருக்கும் பழைய பெட்டியில், இலக்கம் இலக்கமாக அனுப்பும் கருவியாக இருந்தால் இன்னும் வேடிக்கை: 98 என்று தொடங்கும் எண்ணைத் திருப்பி அழுத்தினால் ரிசப்ஷன் எடுக்கும்.

வெளியே போக அழுத்தவேண்டிய 0 அந்த எண்ணோடு இல்லை என்பதே காரணம். அதோடு இன்னொரு 0-வும் வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியிலிருந்து கைபேசிக்கு அழைக்க முன்னால் 0 சேர்க்கவேண்டும் என்பது நடைமுறை. ஆக வெளி லைனுக்கு ஒரு 0, கைபேசிக்கு ஒரு 0, பிறகு பத்து இலக்கம். அதற்கு முன் எழுதப்பட்ட விதிகளும் வேக டயல் பட்டியல்களும் ஒரே 0-வோடு நிற்கும். பெட்டி அதையும் உரித்துவிட்டு வெறும் பத்து இலக்கத்தை வெளியே அனுப்ப, இணைப்பகம் மறுக்கும்.

இரண்டு வழிகள் உண்டு. உள்ளே வரும் அழைத்தவர் எண்ணின் முன்னால் இரண்டு 0-வையும் ஒட்டிவிடலாம். திருப்பி அழுத்தினால் போய்விடும். ஆனால் திரையில் '00' என்று எண் தொடங்கும், "வெளிநாட்டிலிருந்து அழைப்பா?" என்று ஒருவர் விடாமல் கேட்பார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி: திரையில் எண்ணைத் தொடாமல் விடுங்கள். பத்து இலக்கம் முழுதாக அழுத்தப்பட்டால் அது வெளி அழைப்பு என்று பெட்டியே புரிந்துகொண்டு, முன்னால் 0 சேர்த்து அனுப்பட்டும். கைபேசியானாலும், 0 விடுபட்ட 44 அல்லது 80 என்று தொடங்கும் வெளியூர்த் தரைவழி எண்ணானாலும், முன்னால் வரவேண்டியது ஒரு 0 தான். விதி இரண்டுக்கும் பொருந்தும். சிப் டிரங்காக இருந்தால் சேவை நிறுவனம் 0-வோடு எதிர்பார்க்கிறதா, 91-ஓடு எதிர்பார்க்கிறதா என்று கேட்டு அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த மாற்றத்தைச் செய்தபின் 112, 108, 101 மூன்றும் எந்த ஒட்டும் வெட்டும் இல்லாமல் வெளியே போகிறதா என்று பதிவில் பாருங்கள். வெளி லைன் 0 அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் 112 போகவேண்டும். தீப்பிடித்த நேரத்தில் யாரும் வெளி லைன் குறியீட்டை நினைவுகூர மாட்டார்கள்.

"நாங்கள் அழைத்தால் அவர்களுக்குப் பைலட் எண்தான் தெரிகிறது"

உங்கள் மேசையின் நேரடி எண் எதிரில் தெரியவேண்டும். தெரிவதோ பொது எண். பிபிஎக்ஸ் அனுப்பும் எண்ணைச் சேவை நிறுவனம் சரிபார்க்கிறது. உங்கள் தொகுதியில் இல்லாத எண்ணோ, அவர்கள் எதிர்பார்க்காத வடிவமோ வந்தால் அதைக் கழித்துவிட்டுப் பைலட்டைப் போட்டுவிடும். நான்கு இலக்க எக்ஸ்டென்ஷன் எண்ணை அப்படியே வெளியே தள்ளிக்கொண்டிருப்பதுதான் வழக்கமான குற்றம். முழு எண்ணாக, அவர்கள் கேட்கும் வடிவில் அனுப்புங்கள். சிப்பில் ஃப்ரம் தலைப்பைப் பார்க்கிறார்களா, பி அசெர்ட்டட் ஐடென்டிட்டி என்ற தலைப்பைப் பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். ஒன்றில் சரியான எண்ணும் மற்றதில் எக்ஸ்டென்ஷனும் இருந்தால் எது வெல்லும் என்பது அவர்கள் கையில்.

உங்களுடையது அல்லாத எண்ணைக் காட்டித் தரச்சொல்லி மேலாளர் கேட்டால் மறுத்துவிடுங்கள். தொலைத்தொடர்பு அடையாளத்தைத் திருத்துவது 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம்.

"ரிசப்ஷன் மாற்றிக் கொடுத்தால் ரிசப்ஷன் எண்ணே தெரிகிறது"

கேட்காமல் நேராக மாற்றினால் பெரும்பாலும் வெளியாளின் எண் தெரியும். "உங்களுக்கு அழைப்பு, தரட்டுமா?" என்று கேட்டு மாற்றும்போது முதலில் ரிசப்ஷன் எண்தான் தெரியும், அது இயல்பு, ஏனென்றால் அப்போது பேசிக்கொண்டிருப்பது ரிசப்ஷன். அவர் விலகிய பிறகும் மாறாவிட்டால்தான் பிழை. இணைப்பு மாறியதும் பிபிஎக்ஸ் கருவிக்குப் புதிய எண்ணைச் சொல்லும் ஒரு செய்தி அனுப்பவேண்டும். பிபிஎக்ஸில் அந்த எக்ஸ்டென்ஷனுக்கு அடையாளத்தை அனுப்பும் அனுமதியும், கருவியில் அதை ஏற்கும் தேர்வும் இரண்டுமே இயங்கவேண்டும்.

அழைத்தவர் எண் இப்படித் தப்பிப் பிழைத்தாலும், டயல் செய்த எண் மாற்றிக் கொடுக்கும்போது பெரும்பாலும் தொலைந்துவிடும். அந்த மூன்று நிறுவனக் கட்டடத்தில் நான் செய்தது: வாசலிலேயே, அழைத்தவர் பெயர்ப் புலத்தின் முன்னால் நிறுவனத்துக்கு ஒரு சிறு குறியை ஒட்டிவிட்டேன். பெயர்ப் புலம் அழைப்போடு எங்கும் பயணம் செய்கிறது. எத்தனை கை மாறினாலும் குறி உடன் வருகிறது. குறியைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். இரண்டு கருவிகளில் அழகாக வந்தது, மற்றவற்றில் வெறும் கட்டங்கள். கடைசியில் 1, 2, 3 என்று வைத்தோம். எண்ணுக்கு எழுத்துருச் சண்டை கிடையாது.

"இரவில் எல்லா லைனும் பிஸி, அலுவலகத்தில் ஆளே இல்லை"

ஒரு திங்கட்கிழமை காலை பதிவைத் திறந்தபோது, சனிக்கிழமை இரவு வந்த ஒரே அழைப்பு முப்பது சேனலையும் தின்றிருந்தது. வேலை நேரம் முடிந்ததும் அலுவலக எண் மேலாளரின் கைபேசிக்குப் போகும்படி வைத்திருந்தோம். அவரோ வெளியூர் போகும்போது கைபேசியை அலுவலக எண்ணுக்கு ஃபார்வர்ட் செய்திருந்தார். வந்த அழைப்பு வெளியே போய், திரும்ப உள்ளே வந்து, மறுபடி வெளியே போயிற்று. ஒவ்வொரு சுற்றும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு சேனல்களைப் பிடித்துக்கொள்ளும். பதினைந்து சுற்றில் பிஆர்ஐ நிரம்பிவிட்டது.

தொலைபேசி வலைப்பின்னலில் ஓர் அழைப்பு எத்தனை முறை திருப்பிவிடப்பட்டது என்று எண்ணிப் பார்த்து நிறுத்தும் ஏற்பாடு உண்டு. ஆனால் பிபிஎக்ஸ் ஒவ்வொரு முறையும் புது அழைப்பாக வெளியே அனுப்புவதால் அந்த எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடுகிறது. தடுக்க எளிய வழி, ஃபார்வர்ட் ஆகி வெளியே போகும் அழைப்பில் ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் அனுமதிக்காமல் இருப்பது. அத்தோடு, கைபேசியில் அழைப்பை எடுத்தவர் 1 அழுத்தினால்தான் இணைப்பு என்றும் வையுங்கள். திரும்பி வந்த அழைப்பு 1 அழுத்தாது.

சேவை நிறுவனத்துக்குப் புகார் எழுதும்போது

"அழைப்பு வரவில்லை" என்று எழுதினால் "சோதித்தோம், சரியாக உள்ளது" என்று பதில் வரும். அழைத்த எண், டயல் செய்த எண், வினாடியோடு நேரம், வாசலில் கிடைத்த காரணக் குறியீடு என்று நான்கையும் கொடுங்கள். பிஆர்ஐயில் 1 என்றால் அப்படி ஓர் எண் ஒதுக்கப்படவில்லை என்று பொருள். 28 என்றால் எண்ணின் வடிவம் தவறு. 34 என்றால் காலிச் சேனல் இல்லை. 17 என்றால் எதிர்முனை பேச்சில் இருக்கிறது. சிப்பில் 404 எண் இல்லை என்பதற்கு, 484 எண் முழுமையில்லை என்பதற்கு, 486 பிஸிக்கு, 503 சேவை கிடைக்கவில்லை என்பதற்கு. குறியீட்டை அனுப்பியது எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள். 404 உங்கள் பிபிஎக்ஸிலிருந்து போயிருந்தால் புகாரைக் கிழித்துப் போட்டுவிட்டு 'எல்லா அழைப்பும் ரிசப்ஷனுக்கே' என்ற பகுதிக்குத் திரும்பி இலக்கங்களை எண்ணத் தொடங்குங்கள்.